வாங்குபவருக்குச் சட்டம் இட்ட பெயர்கள்

நிலம் விற்பார் ஒருவர். நிலம் கொள்வார் ஒருவர். இவ்விருவருக்கும் இடையே விலை பேசி முடிகிறது. இவ்வளவு எளிதாகத் தோன்றும் ஒரு செயலில், கொள்பவருக்கு மட்டும் சட்டம் எத்தனை பெயர்களை வைத்திருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் கொடுப்பவர் ஒருவரே. ஆயினும் ஒப்பந்தம் எழுதும் நாளில் அவருக்கு ஒரு பெயர். பத்திரம் எழுதும் நாளில் வேறு பெயர். பதிவகத்தில் மற்றொரு பெயர். நீதிமன்ற ஏலத்தில் இன்னொரு பெயர். இவை வெறும் பெயர் வேறுபாடுகள் அல்ல. ஒவ்வொரு பெயரும் ஓர் உரிமை அளவையும் ஒரு கடமை அளவையும் குறித்து நிற்கிறது.

மாணவர்களாகிய நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், முப்பது நாற்பது ஆண்டு உழைப்பின் சேமிப்பு பெரும்பாலும் ஒரே ஒரு பத்திரத்தில் அடங்கிவிடுகிறது. அந்தப் பத்திரம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். வீட்டில் பெற்றோர் தமிழ் மட்டுமே படித்தவராக இருப்பர். அப்போது, "இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்" என்று பிள்ளைகளிடம் நீட்டுவார்கள். அந்த வேளையில் சொல்லின் பொருள் தெரியாமல் தலையசைப்பது குடும்பத்திற்கே கேடாக முடியலாம். ஆதலின் இச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

கல்வெட்டுகளில் கொள்வோர்

நிலம் விற்கும் ஆவணம் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலவிலை பற்றியவை மிகப் பல. அவற்றில் 'விலை ஆவணம்' என்றும் 'விலையோலை' என்றும் சொற்கள் வழங்குகின்றன. ஊர்ச் சபையோ தனி மனிதரோ நிலத்தை விற்கும்போது, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு எல்லைகளையும் கூறி, அவ்வெல்லைக்குட்பட்ட நிலத்தை ஒழிவின்றி விற்றுக் கொடுத்ததாக எழுதுவர். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் விலையில் அடங்கும் என்று சேர்த்து எழுதுவதும் உண்டு.

அவ்வாவணங்களில் 'பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை' என்றொரு தொடர் வருகிறது. விலைப்பொருள் முழுதும் செலுத்தித் தீர்ந்தமைக்கான ஓலை என்பது அதன் கருத்து. விலையோலையே இதற்கும் சான்றாகும். இதுவல்லாமல் வேறு செலவோலை காட்டக் கடவரல்லர் என்று எழுதுவார்கள். இது யாருடைய நன்மைக்காக எழுதப்பட்டது? கொண்டவருடைய நன்மைக்காகவே. பிற்காலத்தில் ஒருவர் வந்து, "பணம் தந்ததற்குத் தனிச் சீட்டு எங்கே?" என்று கேட்டால், கொண்டவர் தவித்து நிற்கக் கூடாது. இன்றைய கிரயப் பத்திரங்களில் விலைத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டதாக விற்பவர் எழுதிக் கொடுக்கும் வாசகம் இதே வேலையைத்தான் செய்கிறது. பெங்களூர்த் தொம்மலூரில் உள்ள சொக்கநாதர் கோயிலிலும் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தமிழில் ஆவணம் எழுதும் வழக்கம் இம்மண்ணுக்கும் அயலானதன்று என்பதை அவை காட்டும்.

மூன்று மொழிகளில் ஒரே ஆள்

தமிழ்ப் பத்திரங்களில் விற்பவரை 'எழுதிக் கொடுப்பவர்' என்றும், வாங்குபவரை 'எழுதி வாங்குபவர்' என்றும் குறிப்பது வழக்கம். கன்னடப் பத்திரத்தைப் பாருங்கள். அங்கே விற்பவர் 'பரெதுகொட்டவரு', வாங்குபவர் 'பரெசிகொண்டவரு'. எழுதிக் கொடுத்தவர், எழுதுவித்துக் கொண்டவர் என்பதே பொருள். இரு மொழிகளும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கின்றன. 'கரீதிதாரர்' என்று கன்னடத்தில் வழங்கும் சொல்லோ பாரசீக வழி வந்தது.

'கிரயம்' வடசொல். வடமொழியில் 'கிரயம்' என்றால் வாங்குதல். 'விக்கிரயம்' என்றால் விற்றல். தமிழில் கிரயம் என்பது விலையையும் விற்பனையையும் குறிப்பதாக மாறிவிட்டது. அதனால்தான் 'கிரயம் கொடுத்தேன்' என்று விற்பவரும், 'கிரயம் பெற்றேன்' என்று வாங்குபவரும் சொல்ல முடிகிறது. 'சுத்தக் கிரயம்' என்று பத்திரத்தின் தலைப்பில் எழுதினால், மீட்கும் உரிமையோ வேறு நிபந்தனையோ வைக்காமல் அறுதியாக விற்றது என்று பொருள்.

ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. 'ஓர்' என்ற ஒலியில் முடிவது பெரும்பாலும் கொடுப்பவரைக் குறிக்கும். 'ஈ' என்று முடிவது பெறுபவரைக் குறிக்கும். வெண்டர் விற்பவர், வெண்டீ வாங்குபவர். டிரான்ஸ்பரர் உரிமையை மாற்றித் தருபவர். டிரான்ஸ்பரீ அம்மாற்றத்தைப் பெறுபவர். ஆனால் அடைமானத்தில் இந்த வாய்பாடு நம்மை மயக்கும். மார்ட்கேஜர் என்பவர் கடன் வாங்கியவர். மார்ட்கேஜீ என்பவர் கடன் கொடுத்தவர். இங்கே கொடுக்கப்படுவது பணமன்று, சொத்தின்மீதுள்ள உரிமை என்று கொண்டால் மயக்கம் தீரும். நன்னூலார் நான்காம் வேற்றுமைப் பொருள்களைக் கூறும்போது கொடையை முதலில் வைத்தார். இந்த 'ஈ' ஈற்றுப் பெயர்களெல்லாம் 'கு' உருபு ஏற்று நிற்கும் ஆட்களின் பெயர்கள் என்று தமிழ் மாணவர் நினைவிற் கொள்ளலாம்.

ஒப்பந்தம் செய்தவர் உரிமையாளர் ஆவாரா?

இந்தியாவில் நிலம், வீடு ஆகியவற்றின் விற்பனையை ஆள்வது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அதன் 54ஆம் பிரிவு விற்பனை என்பதற்கு இலக்கணம் கூறுகிறது: கொடுத்த விலைக்கோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்ட விலைக்கோ, பாதி கொடுத்துப் பாதி ஒப்புக்கொண்ட விலைக்கோ ஈடாக உரிமையை மாற்றித் தருவதே விற்பனை. விலை முழுவதும் கைக்கு வந்தால்தான் விற்பனை என்பதன்று. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை, பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகவே விற்க முடியும்.

அதே பிரிவு மற்றொன்றையும் திட்டமாகச் சொல்கிறது. விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அச்சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. இங்கிலாந்தின் நீதிமுறையில், நிலம் வாங்க ஒப்பந்தம் செய்தவரை அறநெறிப்படி ஒருவகை உரிமையாளராகவே கருதினர். இந்தியச் சட்டம் அவ்வழி செல்லவில்லை. வேலன் தன் மனையை மாறனுக்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் பெற்றான் என்று கொள்வோம். மாறன் இன்னும் வாங்கியவன் அல்லன், வாங்க ஒப்பியவன். மனைமீது அவனுக்கு உரிமை இல்லை. வேலன்மீது, சொன்னபடி செய் என்று கேட்கும் உரிமை உண்டு. 'வாங்கியவர்' என்ற சொல்லுக்கும் 'வாங்க ஒப்பியவர்' என்ற சொல்லுக்கும் இடையில் உள்ள தொலைவு இதுவே.

சொன்னபடி செய் என்று கேட்க மாறன் நீதிமன்றம் செல்லலாம். அதற்கு 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அதன் 16ஆம் பிரிவு ஒரு சோதனை வைக்கிறது. தன் பங்கை நிறைவேற்ற மாறன் எப்போதும் ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருந்தானா என்பதே அச்சோதனை. ஆயத்தம் என்பது பணத்தைத் திரட்டும் வன்மை; விருப்பம் என்பது முடிக்க வேண்டும் என்ற மனம். இரண்டும் வேண்டும். காலவரையறைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

மூன்றாண்டு இருக்கிறதே என்று வாளா இருப்பது நன்றன்று. மதுரை நகரில் உள்ள ஒரு வீட்டைப் பற்றி 1978ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. விலை 60,000 ரூபாய்; முன்பணம் 5,000 ரூபாய்; முடிக்கும் தவணை ஆறு மாதம். வாங்க ஒப்பியவர் அத்தவணை கழிந்தும் அசையவில்லை. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு சென்ற பின்பே அறிவிப்பு விடுத்து வழக்குத் தொடுத்தார். அதற்குள் நகரத்தில் வீடுகளின் விலை பன்மடங்கு உயர்ந்துவிட்டது. சிறு தொகை கொடுத்துவிட்டு நெடுங்காலம் உறங்கியவருக்காக விற்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம், இத்தகைய வழக்குகளில் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த விருப்புரிமையைக் குறைத்துவிட்டது உண்மையே. ஆயினும் ஆயத்தமும் விருப்பமும் வேண்டும் என்ற சோதனை இன்றும் நிற்கிறது.

முன்பணம் என்ற சொல்லிலும் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, விலையில் ஒரு பகுதியை முன்கூட்டித் தருவது. மற்றொன்று, சொன்ன சொல் தவறேன் என்பதற்கு ஈடாகத் தரும் அச்சாரம். வாங்குபவர் தவறினால் விற்பவர் வைத்துக்கொள்ளக் கூடியது அச்சாரத்தையே. விலையின் பகுதியாகத் தந்ததைத் திருப்பித் தரவேண்டும். ஆதலின் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒப்பந்தம் எழுதி, வீட்டின் சுவாதீனத்தையும் பெற்றுவிட்டவருக்கு 53ஏ பிரிவு ஓர் அரண் தருகிறது. அவர் தம் கடமையைச் செய்துவந்தால், விற்பவர் அவரை வெளியேற்ற முடியாது. ஆனால் இஃது ஒரு கேடயமே அன்றி வாளன்று. இதைக் கொண்டு தற்காத்துக் கொள்ளலாம், உரிமை கோரித் தாக்க முடியாது. 2001ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அவ்வொப்பந்தமும் பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் இக்கேடயம் கிட்டும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் மாநிலத் திருத்தம், விற்பனை ஒப்பந்தங்களையும் பதிவு செய்யவேண்டிய ஆவணங்களின் வரிசையில் சேர்த்தது.

வாங்கியவரின் கடமையும் உரிமையும்

பத்திரம் எழுதிப் பதிவான பின் மாறன் உண்மையில் வாங்கியவன் ஆகிறான். இனி 55ஆம் பிரிவு அவனுக்குரியது. இருவரும் வேறுவகையாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோது, இப்பிரிவில் கண்டவையே சட்டம்.

விற்பவருடைய கடமைகள் முதலில் வருகின்றன. சொத்திலோ அதன் உரிமைமூலத்திலோ உள்ள பெருங்குறை தமக்குத் தெரிந்து, வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய முடியாததாக இருந்தால், அதனை வெளியிட வேண்டும். மூலப் பத்திரங்களைக் கேட்டபோது காட்டவேண்டும். உரிய கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்த அளவில் விடை கூறவேண்டும். விலை முழுவதும் பெற்றபின் அப்பத்திரங்களை ஒப்படைக்க வேண்டும். விற்பனை நாள் வரையிலான வரிகளைக் கட்டித் தீர்க்க வேண்டும்.

வாங்குபவருடைய கடமைகள் நான்கு. முதலாவது, விற்பவருடைய உரிமையின் இயல்பு, அளவு பற்றித் தமக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத செய்தி ஒன்று இருந்து, அஃது அவ்வுரிமையின் மதிப்பைப் பெரிதும் உயர்த்துமானால் அதைச் சொல்லிவிட வேண்டும். வேலன் தனக்குப் பாதிப் பங்குதான் உண்டென்று எண்ணியிருக்கிறான். மறுபாதிக்குரிய உறவினர் வெளியூரில் இறந்து, அப்பங்கும் வேலனுக்கே வந்துவிட்டதை மாறன் அறிவான். இதனை மறைத்துக் குறைந்த விலைக்கு வாங்குவது வஞ்சமாகும். ஆயின், அப்பக்கம் புகைவண்டிப் பாதை வரக்கூடும், விலை ஏறக்கூடும் என்ற தன் கணிப்பையெல்லாம் சொல்லவேண்டும் என்பதில்லை. இரண்டாவது, விலையைச் செலுத்துவது. மூன்றாவது, உரிமை மாறிய பின் சொத்துக்கு நேரும் அழிவையும் குறைவையும் தாமே தாங்குவது. பத்திரம் பதிவாகிச் சாவி கைக்கு வருமுன் வீடு இடிந்தால், விற்பவர் அதற்குக் காரணமாகாதபோது, இழப்பு வாங்கியவருடையதே. நான்காவது, உரிமை மாறிய நாள் முதல் வரி முதலியவற்றைக் கட்டுவது.

கடமைக்கு ஏற்ற உரிமைகளும் உண்டு. உரிமை மாறியபின் சொத்தின் மதிப்பு உயர்ந்தால் அவ்வுயர்வும், அதன் வாடகையும் வருவாயும் வாங்கியவருக்கே. உரிமை மாறுமுன் அவர் முறைப்படி செலுத்திய விலைப்பணத்திற்கு அச்சொத்தே ஈடாக நிற்கும். அவ்வாறே, உரிமையை மாற்றிக் கொடுத்தும் விலை முழுவதும் பெறாத விற்பவருக்கும், பாக்கித் தொகைக்கு அச்சொத்து ஈடாகும். இருபுறமும் தட்டுகள் ஒத்திருக்குமாறு சட்டம் துலாக்கோலைப் பிடித்திருக்கிறது.

பதிவகத்தில் வாங்கியவர்

சார்பதிவாளர் முன் சென்றால் வேறு பெயர்கள் வழங்கும். அங்கே விற்பவர் 'எழுதிக் கொடுத்தவர்'. வாங்குபவர் அப்பத்திரத்தின் கீழ் 'உரிமை கோருபவர்'. ஆங்கிலத்தில் கிளெய்மண்ட் என்பர். நீதிமன்றத்தில் வழக்காடுபவரையும் இச்சொல் குறிக்குமாதலால், நம் தந்தையின் பெயருக்கு எதிரே இதைக் கண்டு வழக்கு ஏதோ இருப்பதாக அஞ்ச வேண்டுவதில்லை. முத்திரைச் சட்டம் வாங்குபவரை 'கிராண்டீ', அஃதாவது உரிமை அளிக்கப்பெற்றவர் என்கிறது. வேறு ஏற்பாடு இல்லாதபோது கிரயப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வையைக் கட்டவேண்டியவர் இவரே.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பதிவான பத்திரம் பதிவு செய்த நாளிலிருந்து அன்று, எழுதிய நாளிலிருந்தே செயற்படும் என்று அதன் 47ஆம் பிரிவு கூறும். வேலன் சனவரி 5ஆம் நாள் மாறனுக்கும், அதே மனையைச் சனவரி 10ஆம் நாள் நம்பிக்கும் எழுதிக் கொடுத்தான். நம்பி 12ஆம் நாளும் மாறன் 20ஆம் நாளும் பதிவு செய்தனர். முந்திப் பதிந்தவன் நம்பியாயினும், முந்தி எழுதி வாங்கியவனாகிய மாறனுடைய உரிமையே முற்படும். நம்பி பதிவகத்தில் வில்லங்கம் பார்த்தபோது மாறன் பத்திரம் அங்கே இராது. வில்லங்கச் சான்று வேண்டுவதே. அது மட்டும் போதும் என்று அமைதல் தவறு.

அறியாமல் வாங்கியவர்

'நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து, முன்னுரிமையை அறியாமல் வாங்கியவர்' என்பது சட்டத்தில் பெருமை பெற்ற ஒரு தொடர். வேலன் மாறனோடு ஒப்பந்தம் செய்துவிட்டு, அதை மறைத்து நம்பிக்குப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தால், மாறன் நம்பியைப் பிடிக்க முடியுமா? நம்பி விலையைச் செலுத்தி, நல்லெண்ணத்தோடு, பழைய ஒப்பந்தத்தை அறியாமல் வாங்கியிருந்தால் முடியாது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நம்பிக்கு இப்பாதுகாப்பு இல்லை.

'அறியாமல்' என்ற சொல்லில்தான் நுட்பம் இருக்கிறது. சட்டத்தின் 3ஆம் பிரிவு, மெய்யாகவே அறிந்ததை மட்டும் அறிவு என்று கொள்வதில்லை. விசாரிக்க வேண்டியதை வேண்டுமென்றே விசாரியாமல் விட்டவரும், பெரும் கவனக்குறைவால் அறியாதவரும் அறிந்தவராகவே கருதப்படுவர். பதிவான பத்திரத்தை எல்லோரும் அறிந்ததாகக் கொள்ளும். வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்கு அங்கே என்ன உரிமை உண்டோ அதையும் வாங்குபவர் அறிந்ததாகக் கொள்ளும். ஆகவே, வீட்டைப் பார்க்கச் செல்பவர் சுவரையும் கிணற்றையும் மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. உள்ளே இருப்பவர் யார், எவ்வுரிமையால் இருக்கிறார் என்று கேட்டறிய வேண்டும்.

மூலப் பத்திரத்தைக் கேட்பதும் அத்தகையதே. பெரியபுராணத்தில், தடுத்தாட்கொண்ட கதையை நாம் அறிவோம். முதியவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் கிழித்துவிட்டார். கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. அங்குள்ளோர் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டும் பார்த்தனர். படி வேறு, மூலம் வேறு என்ற தெளிவு அப்புராணத்திலேயே இருக்கிறது. இன்று, அறிவிக்கப்பட்ட நகரங்களில் மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்தே அடைமானம் வைக்கலாம். விற்பவர் நகலை மட்டும் காட்டி, மூலம் ஊரில் இருக்கிறது என்று கூறினால், அந்த ஊர் எது என்று கேட்பது வாங்குபவரின் கடமை.

வேறு சில பெயர்கள்

வழக்கு நடக்கும்போது அவ்வழக்குச் சொத்தை வாங்குபவருக்கு 'வழக்கிடை வாங்கியவர்' என்று பெயர். 52ஆம் பிரிவின்படி, அவ்வழக்கின் முடிவு அவரையும் கட்டும். வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று அவர் கூறினும் பயனில்லை.

கடன் தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றம் ஏலம் விடும் சொத்தை எடுப்பவர் 'ஏலத்தில் வாங்கியவர்'. விலையில் 25 விழுக்காட்டை அவர் உடனே கட்ட வேண்டும். எஞ்சியதை 15 நாளுக்குள் கட்ட வேண்டும். ஏலம் உறுதியான பின், ஏலம் நடந்த நாளிலிருந்தே சொத்து அவருடையதாகக் கொள்ளப்படும். நீதிமன்றம் விற்கிறதே, குறை இராது என்று பலர் நினைப்பர். கடனாளிக்கு என்ன உரிமை இருந்ததோ அதுவே விற்கப்படுகிறது. அதற்குமேல் நீதிமன்றம் உறுதி கூறுவதில்லை. கடனாளிக்கு விற்கத்தக்க உரிமையே இல்லாதிருந்தால், ஏலத்தை நீக்குமாறு வாங்கியவர் கேட்கலாம்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர்க்கு 2016ஆம் ஆண்டின் கட்டடமனைச் சட்டம் 'அலாட்டீ' என்று பெயரிட்டது. 'ஒதுக்கீடு பெற்றவர்' எனலாம். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் அவரிடம் கட்டடம் கட்டுவோர் வாங்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்து அறிவித்தால், அதைச் செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும். இச்சொல் பெங்களூருக்கு முன்னரே பழக்கமானது. பெங்களூர் வளர்ச்சி ஆணையம் மனை ஒதுக்கியபோது, குத்தகையோடு கூடிய விற்பனை ஒப்பந்தம் எழுதித் தரும் முறை நெடுங்காலம் இருந்தது. அப்பத்தாண்டுக் காலத்தில் மனை பெற்றவர் குத்தகைக்காரரே. தவணை கழிந்து அறுதிக் கிரயப் பத்திரம் பெற்ற பின்பே உரிமையாளர். வீடு கட்டிக் குடியேறி, அப்பத்திரத்தை வாங்காமலே விட்டவர்களின் பிள்ளைகள் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

'பினாமி' என்ற பாரசீகச் சொல்லுக்குப் பெயரில்லாதது என்று பொருள். ஒருவர் பணம் கொடுத்து மற்றொருவர் பெயரில் வாங்குவது பினாமி வாங்குதல். 1988ஆம் ஆண்டின் சட்டமும், அதைக் கடுமையாக்கிய 2016ஆம் ஆண்டின் திருத்தமும் இதனைத் தடுக்கின்றன. தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. சொத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை தண்டமும் உண்டு. தம் கணக்கிற்குட்பட்ட வருவாயிலிருந்து மனைவி, கணவர், மக்கள் பெயரில் வாங்குவது இதில் சேராது.

பெயர் மட்டும் பெற்றவர்

பெங்களூரில் மிகுதியாக வழங்கிய ஒரு வகையை இறுதியில் கூறவேண்டும். கிரயப் பத்திரம் எழுத முடியாத மனைகளுக்குப் பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பணம் பெறுவர். பணம் கொடுத்தவரும் வாங்கிவிட்டேன் என்றே எண்ணுவார். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், சூரஜ் லேம்ப் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர ஆராய்ந்தது. இம்மூன்று காகிதங்களாலும் உரிமை மாறாது. பதிவான கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று தீர்ப்புக் கூறியது. உறவினருக்கோ நம்பிக்கைக்குரியவருக்கோ உண்மையாகவே தரும் அதிகாரப் பத்திரத்தை அத்தீர்ப்பு தொடவில்லை. ஆயினும் அதிகாரம் பெற்றவர் முகவரே அன்றி வாங்கியவர் அல்லர். அதிகாரம் தந்தவர் இறந்தால் அவ்வதிகாரமும் பெரும்பாலும் அவரோடு முடியும்.

காத்தாவும் அத்தகையதே. நகராட்சிக்கு வரி கட்ட வேண்டியவர் யார் என்பதைக் காட்டும் பதிவு அது. நம் பெயரில் காத்தா இருப்பது நல்லது; அதுவே உரிமைமூலம் ஆகிவிடாது.

பதிவான கிரயப் பத்திரம் இருந்தும் உரிமை கிட்டாத இடமும் உண்டு. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு வழங்கிய நிலங்களை, வழங்கிய நிபந்தனைக்கு மாறாக வாங்குவது செல்லாது என்று கருநாடகத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உச்ச நீதிமன்றம் 1984இல் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்பதும் அங்கே விடையாகாது. ஏழையின் நிலம் சிறு தொகைக்குக் கைமாறிப் போவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆதலின் நகரின் ஓரத்தில் மனை வாங்குவோர், அந்நிலம் முதலில் யாருக்கு எவ்வாறு வந்தது என்று வேர்வரை சென்று பார்க்க வேண்டும்.

முடிவாக

பணம் கொடுத்தவர் யாவரும் வாங்கியவர் அல்லர் என்பதே இதுகாறும் கண்டவற்றின் சாரம். வாங்க ஒப்பியவர்க்கு விற்பவர்மேல் உரிமை, சொத்தின்மேல் இல்லை. எழுதி வாங்கிப் பதிந்தவர்க்குச் சொத்தின்மேல் உரிமை. ஆனால் விற்றவரிடம் இருந்த அளவே. விசாரித்து வாங்கியவர்க்குச் சட்டத்தின் துணை உண்டு. விசாரியாதவரை அறிந்தவராகவே சட்டம் கொள்ளும். அதிகாரப் பத்திரம் பெற்றவர் முகவர். ஒதுக்கீடு பெற்றவர் இன்னும் ஒரு பத்திரத்திற்குக் காத்திருப்பவர்.

மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதன் தலைப்பு என்ன, அதில் உங்கள் பெற்றோரை எந்தச் சொல்லால் குறித்திருக்கிறது, அது பதிவாகி இருக்கிறதா, மூலமா படியா என்ற நான்கையும் நோக்குங்கள். கன்னடத்தில் இருந்தால் கன்னடம் அறிந்த தோழரைத் துணைக்கு அழையுங்கள். 'பரெசிகொண்டவரு' என்ற சொல்லை இருவரும் சேர்ந்தே தேடலாம். ஐயம் எழுந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, எழுதிக் கொடுத்தவரும் இருக்கும்போதே திருத்திக்கொள்ளத்தக்க குறைகள் பல. பின்னர் அவற்றைத் திருத்துவது அரிது.